அவருக்குள் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் மகிழ்ச்சியைக் கவனித்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. 'மகிழ்ச்சி நிகழ்வுகள் நெறிப்படுத்தும் குழு' என்பது அதன் முழுப்பெயர். ஆறு வருடங்களுக்கு முன் மூன்றாம் மாடியில் யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டியிருந்த பலூன் ஒன்று வெடித்தது. அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரியின் பேனா ஒரு கோட்டை அதிகமாக இழுத்துவிட்டது. அந்தக் கோட்டின் மூலம் அவர் எதை அனுமதித்தார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் முன் அனுமதி இல்லாமல் யாரும் மகிழ்ச்சியடைவதில்லை. அனுமதி பெற்றவர்களும் பெரும்பாலும் அடைவதில்லை.

நான் வருகைப் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வரும் கடிதங்களின் வலது மூலையில் முத்திரை குத்துவது என் வேலை. அதனால் எனக்கு 'சீலு' என்று பெயர் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சர் இருக்கிறாள். அவளை எல்லோரும் 'டைப்பு' என்பார்கள். கணினி வந்து பத்து வருடம் ஆகிறது. ஆனால் எந்தக் கடிதமும் கரித்தாள் வைத்து மூன்று பிரதி எடுக்கப்பட வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஆகவே டைப்பு இன்னும் இயந்திரத்தில்தான் அடிக்கிறாள். இந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் தன் அக்காவோடு போய் இருக்கப் போகிறாள்.

நான்கு மாதமாக அவளும் நானும் பேசுவதில்லை.

அவளுடைய கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவரைப் பற்றிப் பேசும்போது அவள் நிகழ்காலத்தில்தான் பேசுவாள். "எங்க வீட்டுக்காரருக்கு மழைன்னா பிடிக்கும்" என்பாள். "அவர் எவ்வளவு தூரம்னாலும் நடந்துதான் போவார்" என்பாள். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடிப்பார்கள். நானும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, "அவருக்கு ரொட்டியோட ஓரம் பிடிக்காது" என்றாள்.

"பிடிக்காது இல்ல. பிடிக்காம இருந்துச்சு" என்றேன் நான்.

யாரோ சிரித்தார்கள். அவள் தன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கதவு வரைக்கும் அதை அழுத்திக்கொண்டே போனாள்.

மன்னிப்புக் கேட்க நான் பலமுறை அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய் திறந்து, "ரிப்பன் மாத்தியாச்சா?" என்றுதான் கேட்டேன். அவள் "ஆச்சு" என்பாள். நான்கு மாதத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். சொல்ல வராததை ஒருவேளை செய்து வைத்துவிட முடியும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவளுக்குப் பிரிவு உபசாரம். அதற்குச் சூடான சீஸ் செய்து கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மென்மையான சீஸ் ஒரு கட்டி, கெட்டி சீஸ் ஒரு கைப்பிடி துருவல், நசுக்கிய பூண்டு, மிளகு, இரண்டு கரண்டி பால். எல்லாவற்றையும் கிளறிக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு உள்ளே தள்ளிவிட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரமெல்லாம் பொன்னிறமாகிக் கொப்பளிக்கும். வறுத்த ரொட்டித் துண்டால் தோண்டித் தின்ன வேண்டும். சூடு இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். ஆறிவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கலாம். போன வருடம் டைப்பு என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பாத்திரத்தைத் தனியாகக் காலி செய்தாள். சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு உதட்டிலிருந்து முழங்கை வரை தொங்கியது. அதைப் பார்த்து அவளே சத்தமாகச் சிரித்தாள். கணவர் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்தேன். உணவின் பெயர்: சூடான சீஸ். செய்முறை என்ற இடத்தில் மேலே சொன்னதையெல்லாம் எழுதி, 'அவனுக்குள் பன்னிரண்டு நிமிடம் வைக்கவும்' என்று முடித்தேன். உணவின் நிலை என்ற இடத்தில் 'சூடு', 'குளிர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் 'இளஞ்சூடு' என்று எழுதினேன். நோக்கம் என்ற கடைசி வரியில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு 'சும்மா' என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலையே நான்காம் மாடிக்கு அழைப்பு வந்துவிட்டது.

குழுவின் அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். வலது பக்கம் செயலரம்மா. இடது பக்கம் ஆட்சேபணை உறுப்பினர். எந்த விண்ணப்பத்துக்கும் குறைந்தது ஓர் ஆட்சேபணையாவது எழ வேண்டும் என்பது விதி. அதற்காகவே அவர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் சுவரில் சென்ற வருடத்தின் மகிழ்ச்சி அளவு வரைபடமாக மாட்டப்பட்டிருந்தது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரே நேர்கோடு.

"எவ்வளவு சீரா இருக்கு பாத்தீங்களா?" என்றார் தலைவர் பெருமையாக. "ஏற்றமும் இல்ல, இறக்கமும் இல்ல. உக்காருங்க. நோக்கம்னு கேட்டா சும்மான்னு எழுதியிருக்கீங்களே?"

"சும்மாதான் சார். பெருசா ஒண்ணும் இல்ல."

"பெருசா ஒண்ணும் இல்லைன்னா சின்னதா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"அப்படியெல்லாம் இல்ல சார்..."

"பாருங்கம்மா, ஆறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். சும்மாவா உக்காந்திருக்கேன்?"

செயலரம்மா கொஞ்சம் தாமதமாக, "இல்ல சார்" என்றார்.

"இந்தக் கட்டடத்துல சும்மா எதுவும் நடக்கறதில்ல. அதென்ன சும்மா, எதுவுமே நடக்கறதில்ல! அவ்வளவு கட்டுப்பாடு. நீங்க வந்து ஒரே வார்த்தையில அதைக் கெடுக்கப் பாக்கறீங்க. உண்மையான நோக்கம் என்னன்னு விளக்கமா எழுதிக் கொடுங்க."

ஆட்சேபணை உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "எனக்கு வேற ஒண்ணு இடிக்குது சார். 'அவனுக்குள் பன்னிரண்டு நிமிடம் வைக்கவும்'னு இருக்கு. அவன் யாரு?"

"அது ரொட்டி சுடுவாங்களே சார், அந்த அவன்."

"ரொட்டி சுடறவனா?"

"ஆள் இல்ல சார். பெட்டி. கரண்ட்ல ஓடற பெட்டி."

"அவன்னு ஆளைச் சொல்றீங்க. கேட்டா பெட்டிங்கறீங்க."

"ஓவனைச் சொல்றாங்க போல சார்" என்றார் செயலரம்மா.

"ஓவனோ அவனோ, அதுக்குள்ள நான் போகல" என்றார் தலைவர். "அலுவலகக் கோப்புல யாரையும் அவன் இவன்னு ஒருமையில எழுதக் கூடாது. சுற்றறிக்கையே இருக்கு. எவ்வளவு சின்ன வேலை பாக்கறவரா இருந்தாலும் மரியாதைதான் முக்கியம்."

பேனாவை எடுத்து 'அவனுக்குள்' என்பதை அடித்து, அழகான கையெழுத்தில் 'அவருக்குள்' என்று எழுதினார். சுருக்கொப்பமும் போட்டார். பிறகு மணியடித்து, ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும் உதவியாளரிடம், "டேய், தண்ணி எங்கடா?" என்றார்.

இளஞ்சூடு விஷயத்துக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சூடான பொருள்கள் தீ விபத்து சம்பந்தப்பட்டவை என்பதால் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பில் வருகின்றன. குளிர்ந்த பொருள்கள் ஸ்டோரின் பொறுப்பு. இளஞ்சூட்டுக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்றதில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீஸ் சூடாக இருக்கும்வரை பராமரிப்புப் பிரிவு அதைக் கையில் வைத்திருக்கும். ஆறியதும் ரசீது பெற்றுக்கொண்டு ஸ்டோரிடம் ஒப்படைக்கும்.

"நடுவுல சாப்பிடலாமா சார்?" என்று கேட்டேன்.

"நடுவுல அது ரெண்டு பிரிவுக்கும் சொந்தமில்லாம இருக்கும். கேட்பாரற்ற பொருளை யாரும் தொடக் கூடாதுன்னு ஒவ்வொரு மாடியிலயும் எழுதிப் போட்டிருக்கோமே, படிக்கலையா?"

மறுநாள் மூன்று மாதிரிகளோடு வரச் சொன்னார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் சமையலறையில் சீஸ் துருவிக்கொண்டிருந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்தார். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்ளும் வாக்கியங்கள் சராசரியாக ஆறு. அன்று எண்ணிக்கை கூடிவிட்டது.

"வாசனை நல்லா இருக்கே. மூணு பாத்திரமா?"

"ஒண்ணு பரிசோதனைக்கு. ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க. ஒண்ணு கோப்புக்கு."

"கோப்பு சீஸ் சாப்பிடுமா?"

"தெரியல. நாளைக்குத்தான் தெரியும்."

"எனக்கு?"

"உங்களுக்குத் தனிப் படிவம் வேணும்."

நான் சிரிக்காமல்தான் சொன்னேன். அவர் சிரித்தார். இந்த மனிதருக்குச் சீஸ் பிடிக்குமா பிடிக்காதா என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கரண்டியில் ஒட்டியிருந்ததை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை பரிசோதனை. மூன்று பாத்திரங்களையும் காலையில் மறுபடி சூடாக்கித் துணியில் பொதிந்து கொண்டுபோயிருந்தேன். முதல் மாதிரியில் ஆட்சேபணை உறுப்பினர் ரொட்டித் துண்டை விட்டுத் தூக்கினார். சீஸ் நூலாக நீண்டது. தொங்கும் பொருள்கள் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியைச் செயலரம்மா நினைவுபடுத்தினார். அது திரைச்சீலைகளுக்கான விதி. ஆனால் சீஸுக்குப் பொருந்தாது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆகவே தலைவர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்.

"முப்பத்தொண்ணு வருது சார்" என்றார் செயலரம்மா கீழிருந்து.

"கையை இறக்குய்யா. இன்னும் கொஞ்சம். இப்போ?"

"இருபத்தொன்பதரை."

"இதுக்குப் பேர்தான் நிர்வாகம்" என்றார் தலைவர், நாற்காலியிலிருந்து இறங்கி மூச்சு வாங்கியபடி.

முதல் மாதிரி பரிசோதனையிலேயே தீர்ந்துபோனது. எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்துகொள்வதற்காக இரண்டாவதையும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவதைக் கோப்பில் சேர்க்கும் வேலை பாக்கி இருந்தது. கோப்பில் சேரும் எதற்கும் இடது மூலையில் இரண்டு ஓட்டை போட வேண்டும். செயலரம்மா ஆறிய சீஸை ஒரு தாளின் அளவுக்கு வெட்டித் துளைக் கருவியில் வைத்து அழுத்தினார். அழகான இரண்டு ஓட்டைகள் விழுந்தன. நூலைக் கோர்த்துக் கட்டி, பக்க எண் பதினான்கு என்று எழுதினார். அதன்பின் நான்காம் மாடியில் எறும்புகளின் வருகையும் பதிவாகத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை என் மேசைக்குச் செயலரம்மாவே வந்தார். கூட உதவியாளரும் கோப்போடு நின்றார்.

"சம்மதக் கடிதம் இல்லையேம்மா" என்றார் செயலரம்மா.

"யாரோட சம்மதம் மேடம்?"

"சீஸை யாருக்குள்ள வைக்கப் போறீங்களோ, அவரோட. பன்னிரண்டு நிமிஷம் ஒரு ஆளுக்குள்ள சூடான பொருளை வைக்கறதுன்னா சும்மாவா? அவர் எழுதிக் கொடுக்கணும்ல."

"மேடம், அது பெட்டின்னு உங்களுக்கே தெரியும். நீங்கதானே ஓவன்னு சொன்னீங்க?"

"எனக்குத் தெரியும்மா." குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? கோப்புக்குத் தெரியாதே. தலைவர் சுருக்கொப்பம் போட்டுட்டாரு. இனிமே அவர் அவர்தான்."

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. உதவியாளர் கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"கொடுங்கம்மா, நான் போடறேன் கையெழுத்து. முப்பது வருஷமா இவங்க சொன்னதையெல்லாம் எனக்குள்ளயேதான் போட்டு வச்சிருக்கேன். இது பன்னிரண்டு நிமிஷம்தானே."

அவர் கையெழுத்துப் போட்டார். செயலரம்மா அதைச் சரிபார்த்து, 'அவர்' என்ற சொல்லுக்கு நேராக அவருடைய பணியாளர் எண்ணைக் குறித்துக்கொண்டார். இன்னும் என் நோக்க விளக்கம் மட்டும்தான் பாக்கி. மதியத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஊழியர்களிடையே நல்லுறவை மேம்படுத்துதல்' என்று எழுதினேன். பொய் என்று எனக்கே தெரிந்தது, அடித்தேன். 'பிரிந்து செல்லும் ஊழியரைக் கௌரவித்தல்' என்று எழுதினேன். அதுவும் பொய். அவளைக் கௌரவிப்பதைவிட என்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் எனக்கு அவசரமாக இருந்தது. அன்று மதியம் அவளை ஏன் திருத்தினேன் என்று நான்கு மாதமாக யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படிவம் கேட்டது.

நிஜத்தை என் சொந்த வார்த்தையில் எழுத முயன்றபோது கை நகரவில்லை. அலுவலக வார்த்தைகளைப் போட்டதும் தானாக ஓடியது. செயப்பாட்டு வினைக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். 'மேற்படி தட்டச்சரிடம், அன்னாரின் மறைந்த கணவர் குறித்து, எட்டுப் பேர் முன்னிலையில் என்னால் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மேற்படி திருத்தம் இலக்கணத்தின் மேல் உள்ள அக்கறையால் செய்யப்பட்டதன்று. பொறாமையால் செய்யப்பட்டது. இறந்துபோன ஒருவரை இவ்வளவு உயிரோடு வைத்திருக்க மேற்படி தட்டச்சரால் முடிகிறது. என் கணவர் நலமாக உள்ளார். அவரைப் பற்றி நான் எந்தக் காலத்திலும் யாரிடமும் பேசியதில்லை. இதை நேரில் சொல்ல இயலாத காரணத்தால் சீஸ் தேர்வு செய்யப்பட்டது. நான் செய்தது மன்னிக்கத்தக்கது அல்ல. தங்கள் மேலான தகவலுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

மடித்து உறையில் போட்டு உதவியாளரிடம் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எந்த விளக்கமும் மூன்று பிரதி தட்டச்சு செய்யப்பட்ட பின்தான் குழுவுக்குப் போகும். இந்தக் கட்டடத்தில் தட்டச்சர் ஒருத்திதான்.

எழுந்து ஓடினேன். தாழ்வாரத்தில் உதவியாளர் வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"கொடுத்துட்டீங்களா?"

"சூட்டோட சூடா கொடுத்துட்டேன்மா. அவசரம்னு சொன்னாங்கல்ல."

சுவரோரம் நின்றேன். அந்தப் பக்கம் தாள்களையும் கரித்தாள்களையும் தட்டி ஒழுங்குபடுத்தும் சத்தம் கேட்டது. உருளையைத் திருகும் சத்தம். பிறகு எழுத்துகள் விழத் தொடங்கின. பத்தொன்பது வருடமாகக் கேட்கும் சத்தம் அது. அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று காதாலேயே என்னால் சொல்ல முடியும். முதல் பத்தி. இரண்டாவது வரி. 'பொறாமையால்' வரும் இடம் என்று நான் கணித்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி ஒரு முறை கிரீச்சிட்டது. மறுபடியும் எழுத்துகள் விழுந்தன, முன்பைவிட மெதுவாக, கடைசி வரைக்கும். அன்று மாலை அவள் என் மேசையைத் தாண்டி வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டாளா என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இறுதி ஆணை வந்தது. 'சூடான சீஸ், அவருக்குள் பன்னிரண்டு நிமிடம் வைக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடமும் வேறு எந்த வேலையும் தரலாகாது என்றும், அமர ஓர் இருக்கை தரப்பட வேண்டும் என்றும் நிபந்தனைகள் இருந்தன. இரண்டாம் மாடிச் சமையலறையில் இருந்த அவனுக்குள் பழைய சுற்றறிக்கைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை இறக்கிவிட்டு நான் பாத்திரத்தை உள்ளே தள்ளினேன். பக்கத்தில் போட்ட நாற்காலியில் உதவியாளர் காலை நீட்டி உட்கார்ந்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"இப்ப வர முடியாதுங்க" என்று குரல் கொடுத்தார். "உள்ளே வெந்துட்டிருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "முப்பது வருஷத்துல இப்படி உக்காந்ததே இல்லம்மா. இதையே இருபது நிமிஷமா ஆக்க வழி இருக்கா?" என்றார்.

சரியாக நான்கு மணிக்கு, ஓரமெல்லாம் கொப்பளித்துக்கொண்டிருந்த சீஸைப் பராமரிப்புப் பிரிவின் கையுறைகள் கூட்ட அறைக்குத் தூக்கி வந்தன. பலகையில் 'சூடான சீஸ் நிகழ்வு' என்று எழுதியிருந்தார்கள். பிரிவு உபசாரம் நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக இருந்தது. டைப்பு பக்கவாட்டில் ஒரு நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டித் துண்டுகளை அவள் பக்கம் நகர்த்தப் போனேன். ஆட்சேபணை உறுப்பினர் தடுத்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து வந்து சீஸில் செருகினார். அது தாங்கும் அளவையெல்லாம் தாண்டிவிட்டது. சீஸுக்குக் கடும் காய்ச்சல் என்று பதிவு செய்தார்.

தலைவர் எழுந்தார்.

"மகிழ்ச்சிங்கறது என்ன? நான் அடிக்கடி யோசிப்பேன். எனக்கு நேரம் நிறைய இருக்கு. மத்த அலுவலகங்கள்ல மகிழ்ச்சி இருக்கு, ஆனா அதுக்குக் கோப்பு இல்ல. நம்மகிட்ட கோப்பு இருக்கு. நாளைக்கு ஒருத்தர் வந்து, நீங்க மகிழ்ச்சியா இருந்ததுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா, நாம காட்டுவோம். பக்கம் பதினாலுல சீஸே இருக்கு!"

கைதட்டல் எழுந்தது. சீஸின் ஓரத்தில் கொப்பளிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பத்து ஆனது. நான்கு பதினெட்டு ஆனது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, மேலே பளபளப்பு மங்கியது. தலைவர் இடையில் கை கழுவும் குழாய்களின் வரலாறு வரை போய்த் திரும்பி வந்தார்.

"இப்போ விதிப்படி, விண்ணப்பதாரரோட நோக்கத்தை நான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்."

அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாய் பற்றிப் பேசிய அதே குரலில் என்னை வாசிக்கத் தொடங்கினார். எட்டுப் பேர் முன்னிலையில் சொன்னதை இப்போது நாற்பது பேர் கேட்டார்கள். 'பொறாமையால்' என்ற இடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். 'என் கணவர் நலமாக உள்ளார்' என்று வந்ததும் செயலரம்மா பழக்க தோஷத்தில், "ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். டைப்பு இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"'நான் செய்தது மன்னிக்கத்தக்கது. தங்கள் மேலான தகவலுக்காக...'" தலைவர் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, தட்டச்சுப் பிரதியையும் என் கையெழுத்துப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இருங்க, இருங்க. கையெழுத்துல 'மன்னிக்கத்தக்கது அல்ல'ன்னு இருக்கு. இதுல 'அல்ல'வைக் காணோம்."

"மூணு பிரதியிலயும் காணோம் சார்" என்றார் ஆட்சேபணை உறுப்பினர். அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. "தட்டச்சுப் பிழை!"

"நம்ம டைப்பா?" என்றார் செயலரம்மா. "பத்தொன்பது வருஷத்துல ஒரு எழுத்து தப்பினதில்லையே."

"கடைசி நாள்ல போய் இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா" என்று தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க. அர்த்தமே தலைகீழா மாறிடுச்சு பாருங்க. கவனிக்கலையா?"

"கவனிச்சேன் சார்."

"கவனிச்சும் விட்டீங்களா?"

"ஆமா சார்" என்றாள் டைப்பு. "பாத்துத்தான் அடிச்சேன்."

குழு குனிந்து தங்களுக்குள் பேசத் தொடங்கியது. தெரிந்தே விட்ட சொல்லைப் பிழையாகக் கருதலாமா, பிழை இல்லையென்றால் அது திருத்தமா, திருத்தம் செய்யத் தட்டச்சருக்கு அதிகாரம் உண்டா என்று மூன்று கேள்விகள் எழுந்தன. எனக்கு எதிரே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. டைப்பு எழுந்து மேசையருகே வந்தாள்.

"சார், இந்தச் சீஸ் இப்ப யாரோட பொறுப்புல இருக்கு?"

ஆட்சேபணை உறுப்பினர் தொட்டுப் பார்த்தார். "சூடும் இல்ல, குளிரும் இல்ல. இப்ப யாருக்கும் சொந்தமில்ல."

"அப்ப நான் எடுத்துக்கறேன்."

"அம்மா! கேட்பாரற்ற பொருளைத் தொடக் கூடாது!"

"நான்தான் கேக்கறேனே சார்" என்றாள்.

இதற்கொரு விதி தேடிச் செயலரம்மா சுற்றறிக்கைக் கட்டைப் புரட்டத் தொடங்கினார். டைப்பு பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ரொட்டித் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆறரைக்கு பஸ். கீழே பெட்டி இருக்கு, தனியாத் தூக்க முடியல. ஒரு பக்கம் நீ பிடிக்கறியா?"

பெட்டியின் ஒரு பிடி அவள் கையில், ஒரு பிடி என் கையில். மேலே சீஸ் பாத்திரத்தை வைத்திருந்தோம். அது சரியாமல் இருக்க இருவரும் ஒரே அளவில் அடியெடுத்து வைக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது அம்சம் தொடங்கிவிட்டது போலிருந்தது. பிரிந்து செல்லும் தட்டச்சரின் அரும்பணி குறித்துத் தலைவர் பேசுவது ஜன்னல் வழியாக முற்றம் வரைக்கும் கேட்டது. வாசலுக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்தோம். டைப்பு ஒரு ரொட்டித் துண்டைச் சீஸில் குத்தினாள், அது உள்ளே போகவில்லை. ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நான் பேச வாயெடுத்தபோது, இரு என்று கையைக் காட்டினாள். ரப்பரை மெல்வது போல இருந்திருக்க வேண்டும், தாடை வலித்து அவள் கண்ணில் நீர் வந்தது. தெருவில் இரண்டு பஸ்கள் போயின. அவள் மென்று முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பூண்டு ஜாஸ்தி. அடுத்த தடவை நான் வர்றப்ப குறைச்சுப் போடு."